டின் பாலும் திடலும்

2019-ஆம் ஆண்டு மலேசியச் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் இரண்டு எண்கள் இருக்கின்றன. 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 14.8 விழுக்காட்டினருக்கு உடல்பருமன். 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், அதாவது நீண்ட நாள் சரியான ஊட்டம் கிடைக்காமல் வளர்ச்சி குன்றிப் போனவர்கள். முதல் எண் 2011-இல் 6.1 ஆக இருந்து 2015-இல் 11.9 ஆனது. இரண்டாவது எண் 2015-இல் 17.7. ரெண்டுமே ஏறியிருக்கிறது.

ஒரு நாட்டில் பிள்ளைகள் குண்டாகிறார்கள் என்றால் சாப்பாடு மிஞ்சிவிட்டது என்று சொல்லலாம். குன்றிப் போகிறார்கள் என்றால் சாப்பாடு போதவில்லை என்று சொல்லலாம். ரெண்டும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில், சில வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே நடந்தால் என்ன சொல்வது? "வாயைக் கட்டு, ஓடியாடு" என்று பிள்ளையிடம் சொல்வது இந்தக் கேள்விக்குப் பதிலாகாது. நான் படித்தது பொறியியல். ஒரு இயந்திரத்தில் ரெண்டு எதிரெதிர்க் கோளாறுகள் ஒன்றாகக் கூடினால், கோளாறு உதிரிப் பாகத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தார்கள். அமைப்பைத் தேடிப் போனால் வரலாறுதான் வந்து நிற்கிறது. அதுவும் நான் வசிக்கும் தெப்ராவிலேயே.

தெப்ராவ் என்றால் இன்றைக்குப் பெரும்பாலானோருக்கு ஞாபகம் வருவது பேரங்காடிகள். 2006-இல் வந்த தெப்ராவ் சிட்டி, 2017-இல் வந்த ஐக்கியா, வார இறுதியில் சிங்கப்பூர் எண்பலகையோடு வரிசை பிடிக்கும் கார்கள். ஆனால் இந்தப் பெயர் ஒரு ஆற்றின் பெயர். 1844-இல் தான் கீ சூன் என்ற தியோச்சூ தலைவர் இந்த ஆற்றங்கரையில் கங்கார் தெப்ராவைத் திறந்தார். ஜோகூரின் முதல் கங்கார்களில் ஒன்று அது. மிளகும் கம்பீரும் பயிரானது. மண் சத்திழந்து, விலையும் விழுந்தபின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. ரப்பரோடு நம்மவர்களும் வந்தார்கள். இன்றைக்குக் குமிழித் தேநீர்க் கடைகள் வரிசையாக நிற்கும் மவுண்ட் ஆஸ்டின், ஒரு காலத்தில் மவுண்ட் ஆஸ்டின் ரப்பர் தோட்டம். தெப்ராவ் தோட்டம், அந்தத் தோட்டம், இந்தத் தோட்டம் என்று எங்கள் தாத்தா பாட்டிகள் சொல்லும் பெயர்களெல்லாம் இன்று தாமான்களாகவும் சாலைப் பெயர்களாகவும் நிற்கின்றன.

தோட்டத்துப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள்? இதை "அந்தக் காலத்துல எல்லாம் சத்தான சாப்பாடு" என்று ஆரம்பிக்கும் வாட்ஸாப் செய்தி மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. 1920-களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 காசு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. ஒரு கூலியாளுக்கு மாதத்துக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு உப்பு, மிளகாய், கருவாடு தேவை என்று பட்டியல் போட்டு, அதிலிருந்துதான் கூலியைக் கணக்கிட்டார்கள். உயிரோடு இருந்து மறுநாள் பெரட்டுக்கு வந்து நிற்க என்ன வேண்டுமோ அதுதான் கணக்கு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. பிறகு ஜப்பான்காரன் காலம். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலான வீடுகளில் யாராவது ஒருவர் திரும்பி வரவில்லை என்று சொல்லும் தலைமுறையை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். என் பாட்டி கடைசிவரை மரவள்ளிக்கிழங்கைத் தொடமாட்டார். "அதுக்கு மேல திங்க என்ன இருக்கு, ஆயுசுக்கும் தின்னாச்சு" என்பார்.

இந்தப் பசியின் ஞாபகத்தை ஒதுக்கிவிட்டு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் புரிந்துகொள்ள முடியாது. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை நமக்கு வெறும் அழகு மட்டுமில்லை, சான்றிதழும் கூட. இந்த வீட்டில் பஞ்சம் முடிந்துவிட்டது என்ற சான்றிதழ். "புள்ள எளைச்சுப் போச்சே" என்பது நம் ஊரில் விசாரிப்பு, குற்றச்சாட்டும்கூட. அந்தக் குற்றச்சாட்டு எப்போதும் தாயின் தலையில்தான் விழும்.

இனி டின் பாலுக்கு வருவோம்.

தோட்டத்தில் தாயும் பால்மரம் வெட்டப் போக வேண்டும். விடியுமுன் பெரட்டு. பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போனால் மதியம் வரை திரும்ப முடியாது. கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். தாய்ப்பால் குடிக்கவேண்டிய குழந்தைக்கும் தாய்க்கும் நடுவில் ஆறேழு மணி நேரம் விழுந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்ததுதான் சீனி போட்ட கெட்டிப்பால். கெட்டுப் போகாது, வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் போதும், இனிப்பாக இருப்பதால் அழுகிற குழந்தையும் அடங்கும். டின்னில் கொழுத்த குழந்தையின் படமோ கருணையான பெண்ணின் படமோ இருக்கும். ஆனால் உள்ளே இருப்பதில் ஏறக்குறைய பாதி சீனி. தண்ணீர் சேர்த்து நீட்டினால் புரதமும் கொழுப்பும் இன்னும் குறைந்துபோகும்.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் பேசினார். தலைப்பு 'பாலும் கொலையும்'. ஜமைக்காவில் பிறந்து ஆக்ஸ்ஃபர்டில் படித்தவர். அன்றைய கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றியபோது குவாஷியோர்கர் என்ற ஊட்டக் குறைபாட்டு நோயை மருத்துவ உலகுக்கு அடையாளம் காட்டியவர். அது கா மொழிச் சொல். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. அந்த நோயில் குழந்தையின் வயிறும் கால்களும் வீங்கிவிடும். தெரியாதவர் பார்த்தால் பிள்ளை தேறிவிட்டதாகக்கூட நினைக்கலாம். புரதமே கிடைக்காத உடம்பின் வீக்கம் அது.

1936-இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்த வில்லியம்ஸ், இங்கும் குழந்தைகள் சாவதைப் பார்த்தார். கெட்டிப்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக விளம்பரம் செய்து விற்பதைப் பார்த்தார். ரோட்டரி சங்கத்தில் வணிகப் பெரும்புள்ளிகள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், தெரிந்தே இப்படி விளம்பரம் செய்வதால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலை என்றே கருத வேண்டும் என்று சொன்னார். பிறகு போர் வந்தது. ஜப்பானியர்கள் அவரை சாங்கியில் அடைத்தார்கள். உயிரோடு வெளியே வந்து, 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார். அவர் 1939-இல் சொன்னதை உலகம் சட்டமாக எழுத 1981 ஆனது. தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக விதித்தொகுப்பை அந்த ஆண்டுதான் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றது. நாற்பத்திரண்டு ஆண்டுகள்!

அந்த டின் பால் நம்மைவிட்டுப் போகவில்லை. தொட்டிலிலிருந்து தேநீர்க் கோப்பைக்கு இடம் மாறியது. இன்றைக்கு மாமாக் கடையில் தே தாரிக் என்றாலே கெட்டிப்பால்தான். நாலு வயசுப் பிள்ளைக்கும் 'தே ஓ' வேண்டாம், 'பால் தே' வாங்கிக் கொடு என்று சொல்வது நம்மில் பாசத்தின் மொழி. பால் என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை முழுக்க அந்த டின்னுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சீனியின் கதையும் ஜோகூர் பாரு வழியாகத்தான் போகிறது. ஆசியாவின் சீனி அரசர் என்று பெயரெடுத்த ராபர்ட் குவோக் 1923-இல் பிறந்தது ஜோகூர் பாருவில். அவர் குடும்பம் அரிசி, சீனி, மாவு வியாபாரம் செய்தது. குவோக் சகோதரர்கள் நிறுவனம் 1949-இல் இதே ஊரில் தொடங்கியது. 1959-இல் பிறையில் சீனி சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனம் உருவானது. இன்று எம்எஸ்எம் என்ற பெயரில் இருக்கும் அந்த நிறுவனத்தின் புதிய ஆலை ஒன்று தெப்ராவுக்குக் கிழக்கே தஞ்சோங் லங்சாட்டில் இருக்கிறது. நாட்டில் சீனி ஒரு கட்டுப்பாட்டு விலைப் பொருள். அரசாங்கம் மானியம் கொடுத்து விலையைத் தாழ்வாகவே வைத்திருந்தது. 2013 அக்டோபரில்தான் கடைசி 34 சென் மானியம் நீக்கப்பட்டது. அதாவது சுதந்திரத்துக்குப் பிந்திய பல பத்தாண்டுகள், ஏழை வீட்டில் மலிவாக வாங்க முடிந்த சக்தி எது என்று கேட்டால் அதற்குப் பதில் அரிசி, மாவு, எண்ணெய், சீனி. கீரையும் மீனும் பழமும் சந்தை விலையில் ஏறிக்கொண்டே போயின.

இதில் யாரும் சதி செய்யவில்லை. அன்றைக்கு எதிரி மெலிவுதான். 1979-இல் கல்வி அமைச்சு ஏழைப் பிள்ளைகளுக்கான துணை உணவுத் திட்டத்தைப் பள்ளிகளில் தொடங்கியது. 1983-இல் பள்ளிப் பால் திட்டம் வந்தது. பல தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்நாளின் முதல் முழுச் சாப்பாடு அதுதான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மெலிவை விரட்டும் அதே வேகத்தில் இன்னொன்றும் பள்ளிக்குள் வந்தது. விளையாட்டுப் போட்டி நாளில் வந்து நிற்கும் பச்சை மைலோ லாரி. மலேசியாவில் படித்த யாரைக் கேட்டாலும் கண் விரியும். சின்னக் காகிதக் குவளையில் ஐஸ் போல் குளிர்ந்த அந்த மைலோவுக்கு வீட்டில் கலக்கும் மைலோ ஈடாகாது. 100 மீட்டர் ஓடிய பிள்ளையும் வாங்கும், நிழலில் உட்கார்ந்திருந்த பிள்ளையும் வாங்கும், ரெண்டு தடவை வரிசையில் நின்றும் வாங்கும். ஓட்டமும் இனிப்புப் பானமும் ஒன்றுக்கொன்று உறவு என்று நம் மூளையில் பதிந்தது அந்த வரிசையில்தான். விளையாட்டாளன் குடிப்பது, அதனால் குடிப்பவன் விளையாட்டாளன். தர்க்கப்படி தப்பு, விளம்பரப்படி சரி.

சரி, சாப்பாடு இப்படி மாறியது. ஓட்டம் என்ன ஆனது?

தோட்டத்தில் வறுமை இருந்தது, கள்ளுக்கடை இருந்தது, கங்காணி கிராணி அதிகாரம் இருந்தது. அதையெல்லாம் மறந்துவிட்டு ஏங்குவதற்கு நான் தயாரில்லை. ஆனால் தோட்டத்தில் ஒரு திடலும் இருந்தது. லயத்துக்குப் பக்கத்தில், கோயிலுக்குப் பக்கத்தில், நடந்துபோகும் தூரத்தில். மாலை நாலரைக்குப் பிள்ளைகள் இறங்கினால் இருட்டும்போதுதான் ஏறுவார்கள். யாரும் பயிற்சி என்று சொல்லவில்லை, யாரும் நிமிடம் எண்ணவில்லை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. திடல் இருந்தவரை இந்த 60 நிமிடம் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை.

1980-களிலும் 90-களிலும் தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது ஜனங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் போனார்கள். வீடமைப்புத் திட்டத்தில் 10 விழுக்காடு திறந்தவெளி ஒதுக்க வேண்டும் என்று திட்டமிடல் வழிகாட்டி இருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் பல இடங்களில் அந்தத் திறந்தவெளி என்பது வடிகால் ஓரம், மின்கம்பிக்குக் கீழே, ஏற்றமான சரிவு, அல்லது "பந்து விளையாடக் கூடாது" என்று பலகை வைத்த புல். பந்து விளையாட வேண்டுமென்றால் மணிக்கணக்கில் காசு கட்டி ஃபுட்சால் கூடம் எடுக்கலாம். பள்ளிக்கு நடந்துபோக முடியுமா? ஆறு தடச் சாலையைக் கடக்க வேண்டும். எந்தத் தாயும் விடமாட்டாள், விடவும் கூடாது. வேனில் போய் வேனில் வருகிறது பிள்ளை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரட்டு ஒழியவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது. விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து, மோட்டார்சைக்கிளிலோ தொழிற்சாலைப் பேருந்திலோ கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்கள் ஆயிரக்கணக்கில் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். உட்லண்ட்ஸ் குடிநுழைவு வரிசைதான் இன்றைய பெரட்டுக் களம். வீடு திரும்பும்போது இரவு எட்டு, ஒன்பது. காலையில் பிள்ளைக்கு என்ன? பாட்டி கையில் காசு. வழியில் நாசி லெமாக் பொட்டலம், பாக்கெட் பானம், பள்ளி விட்டதும் ரொட்டி, பராமரிப்பு நிலையத்தில் மீ கோரேங், இரவில் பொட்டலம் கட்டிய சாப்பாடு. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஆயாக் கொட்டகைக் குழந்தைக்கு டின் பால் ஏன் வந்ததோ, அதே காரணம்தான். தாயின் நேரம் வேறு யாருக்கோ விற்கப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியை மலிவான இனிப்பு நிரப்புகிறது.

என் அக்கா மகன் நாலாம் ஆண்டு படிக்கிறான். பள்ளி உடற்தகுதிச் சோதனையில் எடை, உயரம் எடுத்து பிஎம்ஐ கணக்கிடுவார்கள். அவன் எண்ணை வகுப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இடைவேளையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறான். அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "டேய், நான் என்ன தப்பு பண்ணுனேன்?" இந்தக் கட்டுரை ஒருவகையில் அந்தக் கேள்விக்கான பதில். ஒன்றும் செய்யவில்லை அக்கா. நீ காலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போனாய்.

வெட்கப்படுத்தினால் பிள்ளை இளைக்குமா? இந்தச் சோதனையைக் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் பதினைந்து வருஷம் செய்து பார்த்தார்கள். 1992-இல் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டத்தைப் பள்ளிகளில் கொண்டுவந்தது. சுருக்கமாக டாஃப். அதிக எடையுள்ள மாணவர்களைத் தனியாகப் பிரித்து, வகுப்புக்கு முன்னாலோ இடைவேளையிலோ பள்ளி விட்ட பிறகோ கூடுதல் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பள்ளிகளும் இந்த எண்ணிக்கையை வைத்து மதிப்பிடப்பட்டன. ஆங்கிலத்தில் டாஃப் என்ற மூன்றெழுத்தைத் திருப்பிப் போட்டால் குண்டு என்று வரும். பிள்ளைகளுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு இடைவேளை போதும். நண்பர்கள் சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்திருக்க, அவர்கள் கண்ணுக்கு முன்னால் திடலைச் சுற்றி ஓடியவர்கள் இன்று முப்பது நாற்பது வயதில் இருக்கிறார்கள். அந்த ஓட்டத்தைப் பற்றி அவர்கள் இன்றும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். எடையைப் பற்றி அல்ல, பார்வைகளைப் பற்றி.

நேர்மையாகச் சொன்னால், எண் குறைந்தது. 1990-களின் தொடக்கத்தில் 10 விழுக்காட்டுக்கு மேலே இருந்த பருமன் விகிதம் 2000-களின் நடுவில் அதற்குக் கீழே இறங்கியது. டாஃப் திட்டத்தை ஆதரிப்பவர்கள் காட்டுவது இதைத்தான், அதை மறைத்துவிட்டு வாதம் செய்வது நியாயமில்லை. ஆனால் அந்த எண்ணுக்குக் கொடுத்த விலையைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. கேலி, தன்னுடம்பின் மீதான வெறுப்பு, உணவுக் கோளாறுகள் பற்றிய கவலை எல்லாம் சேர்ந்து 2007-இல் திட்டம் கைவிடப்பட்டது. முழுமையான உடல்நலத்தைப் பார்க்கும் வேறொரு கட்டமைப்பு எல்லா மாணவர்களுக்கும் பொதுவாக வந்தது. பின்னர் எண் மறுபடி ஏறியது: 2013-இல் 11 விழுக்காடு, 2017-இல் 13. இதை வைத்து "பாத்தியா, டாஃப் இருந்திருக்கணும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. ஒரு கம்பிச்சுருளைக் கையால் அழுத்திப் பிடித்தால் குறுகும். கையை எடுத்தால் பழைய நீளத்துக்குப் போகும். சுருள் மாறவில்லை. ஊரில் விற்கும் பானம் மாறவில்லை, அப்பா அம்மா வேலை நேரம் மாறவில்லை, பாடச்சுமை மாறவில்லை. பிள்ளையை மட்டும் அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

சிங்கப்பூரே பின்னர் கையை வேறு பக்கம் வைத்தது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளின் சமையலை மாற்றும் திட்டம் வந்தது. 2022 இறுதியிலிருந்து பாக்கெட் பானங்களுக்கு சீனி, கொழுப்பின் அளவை வைத்து ஏ முதல் டி வரை தரம் போட்டார்கள். டி வாங்கிய பானத்துக்கு விளம்பரம் கிடையாது. தரக்குறைவான எழுத்தை இந்தமுறை சுமப்பது பிள்ளையின் முதுகு அல்ல, பானத்தின் டப்பா. எனக்குப் பிடித்தது இந்த இடமாற்றம்தான்.

மலேசியாவும் 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 சென். 2024-இல் அது 50 சென் ஆனது. மெக்சிகோ 2014-இலும் பிரிட்டன் 2018-இலும் இதே வழியில் போயிருந்தன. வரியின் பலன், மக்கள் குறைவாக வாங்குவதில் மட்டும் இல்லை. வரிக்கோட்டுக்குக் கீழே வருவதற்காக நிறுவனங்களே சீனியைக் குறைக்கின்றன. யாரையும் எடை மேடையில் ஏற்றாமல், யாரையும் ஓடவிடாமல், ஒரு டப்பாவில் சில கரண்டி சீனி காணாமல் போகிறது. ஆனால் கடையில் கலக்கும் தே தாரிக் இந்த வரிக்குள் வராது. டின் பால் இன்னும் தப்பித்துக்கொண்டுதான் இருக்கிறது.

பிஎம்ஐ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அது நம் உடம்பின் வரலாறு என்பதால். 2004-இல் லான்செட் இதழில் ஒரு சின்னக் கட்டுரை படத்தோடு வந்தது. புனே கேஈஎம் மருத்துவமனையின் மருத்துவர் யாஜ்னிக்கும், இங்கிலாந்து மருத்துவர் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒரே எண், 22.3. யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. புனேயைச் சுற்றிய கிராமங்களில் தாய்மார்களையும் குழந்தைகளையும் பல்லாண்டு தொடர்ந்து பார்த்த யாஜ்னிக் குழு, எடை குறைவாகப் பிறக்கும் இந்தியக் குழந்தைகளிடம் தசை குறைவாகவும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையாமலும் இருப்பதைக் காட்டியது. வயிற்றில் பட்டினியைப் பார்த்த உடம்பு, பின்னால் சீனி கிடைக்கும்போது அதைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. நீரிழிவுக்கு வழி அங்கேயே திறந்துவிடுகிறது. மலேசியாவில் 2019 ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4.

இப்போது முதலில் சொன்ன ரெண்டு எண்களுக்குத் திரும்பிப் பாருங்கள். வளர்ச்சி குன்றிய குழந்தையும் பருமனான பிள்ளையும் எதிரிகள் அல்லர். ஐந்து வயது இடைவெளியில் ஒரே பிள்ளையாகவே இருக்கலாம். சத்தில்லாத சக்திதான் இரண்டுக்கும் தாய். வில்லியம்ஸ் 1930-களில் பார்த்த வீங்கிய வயிறும் இதைத்தான் சொன்னது: உருண்டையாகத் தெரியும் உடம்பு நிறைந்த உடம்பு அல்ல.

ஆக என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் எதை அளக்கிறோமோ அதைத்தான் திருத்துவோம் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இத்தனை நாளும் பிள்ளையை அளந்திருக்கிறோம். இனி ஊரை அளக்கலாம். ஒரு தாமானில் பிள்ளை தனியாக நடந்துபோய்ச் சேரக்கூடிய திடல் எத்தனை நிமிடத் தூரம்? அது சமதரையா, சரிவா? மாலையில் பள்ளித் திடல்கள் பூட்டிக் கிடக்கின்றனவா, திறந்திருக்கின்றனவா? பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு எடுத்தவர் எதை விற்றால் லாபம் பார்க்கிறார், அவித்த கொண்டைக்கடலையை விற்றா, பொரித்த கோழி உருண்டையை விற்றா? குடிதண்ணீர்க் குழாய் வேலை செய்கிறதா, இல்லையென்றால் தாகம் எந்தப் பாக்கெட்டுக்குப் போகிறது? கோயில் அன்னதானத்தில் கலர்த் தண்ணீருக்குப் பதில் மோர் ஊற்ற என்ன தடை? அந்தக் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் சனிக்கிழமை காலை கபடிக் கோடு போட எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும்?

இவை எதற்கும் பிள்ளையின் சட்டையைக் கழற்றி எடை போட வேண்டியதில்லை. தேர்தல் நேரத்தில் நம் தாமானுக்கு வந்து கைகூப்புகிறவரிடம் சாலை, வடிகால், விளக்கு கேட்கிறோம். பட்டியலில் நாலாவதாகத் திடல் என்று எழுதலாம். 1979-இல் பிள்ளைகள் மெலிந்திருந்தபோது யாரும் அவர்களை வகுப்பில் நிற்கவைத்து "ஏன் மெலிந்தாய்" என்று கேட்கவில்லை. நாடு ஒரு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தது. பருத்திருக்கும் பிள்ளைக்கும் அந்த மரியாதை உரியதுதான்.